தேர்வடமும் மூன்று முட்டுக்கட்டைகளும்

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரம் ஒருகாலத்தில் நிலக்கரிக்கும் எஃகுக்கும் பெயர்போனது. அந்த ஊரின் நடுவே, தெருவுக்கு அடியில், 2014-ல் ஒரு கேபிள் வேலை செய்யத் தொடங்கியது. நீளம் ஒரே ஒரு கிலோமீட்டர். ஹெர்குலஸ், டெல்ப்ரூகே என்ற இரண்டு துணை மின்நிலையங்களை இணைத்து, 10,000 வோல்ட்டில் 40 மெகாவாட் மின்சாரம் கொண்டுபோகும் அளவுக்கு அதை அமைத்திருந்தார்கள். கேபிளின் உள்ளே திரவ நைட்ரஜன் ஓடியது. சுமார் மைனஸ் 200 டிகிரி செல்சியஸ் குளிரில் அது கிடக்க, அதற்குச் சில அடி மேலே ஜனங்கள் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். எஸ்ஸன் கேபிள் அதனால் ஆனது. இதைச் சொன்னதும் யாரும் முதலில் கேட்பது, “அப்படியானால் எவ்வளவு மின்சாரம் மிச்சம்?” என்றுதான். எஸ்ஸன் பொறியாளர்களின் கவலை வேறு. அவர்களுக்கு இடம் வேண்டியிருந்தது. நகரத்தின் நடுப்பகுதிக்கு இவ்வளவு மின்சாரம் வர வேண்டுமென்றால், வழக்கமாக 1,10,000 வோல்ட் கேபிளைப் போட்டு, அங்கேயே பெரிய டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தி, 10,000 வோல்ட்டாகக் குறைத்து விநியோகிப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கும் அதைச் சுற்றியுள்ள சாதனங்களுக்கும் நிலம் வேண்டும். நகர நடுவில் நிலம் என்ன விலை என்று சொல்லவேண்டியதில்லை. மீக்கடத்தி வந்தால் ஊருக்கு வெளியிலேயே மின்னழுத்தத்தைக் குறைத்துவிட்டு, 10,000 வோல்ட்டிலேயே உள்ளே கொண்டுவரலாம். மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் ஏறும் என்பது பள்ளிக்கணக்கு. இங்கே ஒவ்வொரு ஃபேஸிலும் சுமார் 2,300 ஆம்பியர். இதைச் செம்பில் அனுப்பப் பல கேபிள்களைப் பக்கம்பக்கமாகப் புதைக்க வேண்டும். ஒன்றின் சூடு மற்றொன்றைத் தாக்காதபடி இடைவெளியும் விட வேண்டும்.

மீக்கடத்தி பற்றிய கட்டுரைகளில் தவறாமல் ஒரு கனவு வரும்: எங்கோ பாலைவனத்தில் சூரிய மின்சாரம், அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மீக்கடத்திக் கம்பி, இழப்பே இல்லாத உலகம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நெடுந்தூர இழப்பைக் குறைக்கும் வித்தை ஏற்கெனவே கையில் இருக்கிறது: மின்னழுத்தத்தை ஏற்றினால் போதும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் நேர்திசை மின்பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் 8 லட்சம், மைனஸ் 8 லட்சம் வோல்ட்; 6,000 மெகாவாட். வகுத்துப் பார்த்தால் மின்னோட்டம் 3,750 ஆம்பியர்தான். எஸ்ஸன் தெருவின் கீழே ஓடியதுபோல் இரண்டு மடங்குகூட இல்லை. மின்சாரமோ 150 மடங்கு. வயல்வெளியில் உயரமான கோபுரம் நிறுத்த முடிகிறவரை, குளிரூட்டிய குழாயை ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்குப் போட யாரும் முன்வரமாட்டார்கள். கோபுரம் நிறுத்த முடியாத இடத்தில்தான் மீக்கடத்திக்கு வேலை.

இந்தத் தெளிவு வர நூறு ஆண்டுகள் ஆயின. நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹெய்க்கே காமர்லிங் ஓன்னஸ் 1908-ல் ஹீலியத்தைத் திரவமாக்கினார். மைனஸ் 269 டிகிரி, அதாவது 4.2 கெல்வின். உலகத்தில் வேறு எங்கும் இல்லாத குளிர் அவர் ஒருவரின் ஆய்வகத்தில் இருந்தது. அந்தக் குளிரில் உலோகங்களின் மின்தடை என்னவாகும் என்று பார்க்கத் தொடங்கியவர், 1911 ஏப்ரலில் பாதரசத்தை எடுத்தார். தடை மெல்லமெல்லக் குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில், அது சட்டென்று காணாமல்போனது. அளவீட்டைச் செய்தவர் கில்லஸ் ஹோல்ஸ்ட். கட்டுரையில் ஆசிரியராக அவர் பெயர் இல்லை. நோபல் பரிசு 1913-ல் ஓன்னஸுக்கு வந்தது.

ஓன்னஸ் உடனே பெரிய கணக்குப் போட்டார். தடை இல்லை என்றால் சூடு இல்லை. சூடு இல்லை என்றால் கம்பிச்சுருளில் எவ்வளவு மின்னோட்டமும் செலுத்தலாம். பத்து டெஸ்லா வலிமையுள்ள காந்தம் செய்துவிடலாம். பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் இரண்டு லட்சம் மடங்கு அது. ஈயக் கம்பியில் சுருள் செய்து பார்த்தார். டெஸ்லாவில் இருபதில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியதும் ஈயம் மீண்டும் சாதாரண உலோகமாகிவிட்டது. சுருள் தானே உண்டாக்கிய காந்தப்புலமே அதன் மீக்கடத்தும் குணத்தைக் கொன்றுவிட்டது.

ஏன் என்று புரிய 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கம் கொடுத்தார்கள். சாதாரணக் கம்பியில் எலக்ட்ரான்கள் போவது, தீபாவளிக்கு முந்தின நாள் சென்னை ரங்கநாதன் தெருவில் நாம் போவது மாதிரி. ஆளாளுக்கு ஒரு திசை; ஒவ்வொரு இடியிலும் கொஞ்சம் வேகம் போகிறது; போன வேகம் சூடாகிறது. குளிர்ந்த மீக்கடத்தியில் நடப்பது வேறு. ஓடும் ஓர் எலக்ட்ரான் அருகிலுள்ள நேர்மின் அயனிகளைச் சற்றே தன் பக்கம் இழுக்கிறது. அவை திரும்பித் தம் இடத்துக்குப் போவதற்குள், அங்கே கூடிய நேர்மின்னேற்றம் இன்னோர் எலக்ட்ரானை ஈர்க்கிறது. இப்படி ஜோடி சேர்ந்த எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே இயக்கத்தில் பூட்டிக்கொள்கின்றன. தேர்வடம் பிடிக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் கால் இடறினாலும் வடம் நிற்பதில்லை; அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. தனி ஆளைத் தடுத்து வடத்தை நிறுத்த முடியாது.

ஆனால் தேரை நிறுத்த முட்டுக்கட்டை இருக்கிறது. மீக்கடத்திக்கு மூன்று முட்டுக்கட்டைகள்: வெப்பநிலை, காந்தப்புலம், மின்னோட்டத்தின் அடர்த்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. எது வரம்பைத் தாண்டினாலும் ஜோடிகள் பிரிந்து தேர் நின்றுவிடும். மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதுதான் சங்கடம். காந்தப்புலம் ஏற ஏற, தாங்கும் வெப்பநிலை இறங்கும். செய்தித்தாள்கள் முதல் முட்டுக்கட்டையை மட்டுமே பேசும். ஓன்னஸ் இடறியது இரண்டாவதில்.

அதைத் தாண்ட வழி காட்டியது வேறு வகை மீக்கடத்திகள். ஈயமும் பாதரசமும் காந்தப்புலத்தை முழுக்க வெளியே தள்ளப் பார்க்கும்; முடியாதபோது மொத்தமாகச் சரணடையும். நயோபியம் கலந்த சில உலோகக்கலவைகள் சமரசம் செய்துகொள்கின்றன. புலத்தை மெல்லிய இழைகளாக உள்ளே விடும். இழைகளுக்கு இடைப்பட்ட பகுதி மீக்கடத்தியாகவே இருக்கும். ஒவ்வோர் இழையையும் ஒரு சுழல் மின்னோட்டம் சுற்றி நிற்கும். ரஷ்யாவின் அப்ரிகோசோவ் இதைக் கணித்து 1957-ல் வெளியிட்டார். நோபல் பரிசு 2003-ல்தான் கிடைத்தது. மின்னோட்டம் பாயும்போது இந்த இழைகள் பக்கவாட்டில் தள்ளப்படும். அவை நகர்ந்தால் சூடு. சூடு வந்தால் கதை முடிந்தது. ஆகவே அவற்றை அசையாமல் பிடித்துவைக்க வேண்டும். காற்றில் பாய் பறக்காமல் கல் வைப்போமே, அதுபோல. கல்லாக இருப்பவை பொருளுக்குள் உள்ள குறைகள்: அந்நியத் துகள், படிகத்தில் பிசகு. இயற்பியலாளர்கள் தூய்மையான பொருளையே தேடிப் பழகியவர்கள். இங்கே அழுக்கைத் திட்டமிட்டுக் கலக்க வேண்டியிருந்தது. 1961-ல் பெல் ஆய்வகத்தில் நயோபியம்–வெள்ளீயக் கம்பி 8.8 டெஸ்லாவிலும் மின்னோட்டத்தைத் தாங்கியது. ஓன்னஸ் போட்ட கணக்குக்கு ஐம்பது ஆண்டு கழித்து விடை வந்தது.

நயோபியம்–டைட்டானியம் இன்னும் வசதி. செம்பு மாதிரி இழுத்துக் கம்பியாக்கலாம். ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்தவர்களைச் சுற்றிப் பெரும்பாலும் இருந்தது இதுதான். ஒருமுறை மின்னோட்டத்தை ஏற்றிச் சுற்றின் இரு முனைகளையும் சேர்த்து மூடிவிட்டால், மின் இணைப்பை எடுத்த பிறகும் அது ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாத இரவிலும் காந்தம் விழித்திருக்கும். அதனால்தான் வாசலில் எப்போதும் எச்சரிக்கைப் பலகை. (காதைப் பிளக்கும் அந்தச் சத்தத்துக்கு மீக்கடத்தி பொறுப்பல்ல. அது உள்ளிருக்கும் வேறு சுருள்களின் வேலை.)

மின்துறைக்கு இது உதவவில்லை. காரணம், இந்தக் கம்பிகளைக் குளிர்விக்கத் தேவைப்படும் திரவ ஹீலியம். 4.2 கெல்வினில் கசியும் ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற, குறையே இல்லாத இயந்திரத்துக்குக்கூட 70 வாட் மின்சாரம் வேண்டும். நடைமுறையில் பல நூறு வாட். மிச்சம் பிடித்ததைக் குளிர்பதனப் பொறியே தின்றுவிடும்.

1986-ல் ஸூரிக் அருகிலுள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ட்ஸும் முல்லரும் செப்பு ஆக்சைடு கலந்த ஒரு பீங்கான் பொருள் முப்பது கெல்வினை ஒட்டிய வெப்பநிலையில் மீக்கடத்தியாவதைக் கண்டார்கள். பீங்கான் என்றால் மின்சாரத்தைத் தடுக்க மின்கம்பத்தில் மாட்டுகிற பொருள் அல்லவா? அடுத்த ஆண்டே நோபல். அதற்குள், 1987 தொடக்கத்தில், மாவ்-குவென் வூ, பால் சூ ஆகியோரின் குழுக்கள் இட்ரியம், பேரியம், செப்பு ஆக்சைடு சேர்ந்த பொருளில் 93 கெல்வினைத் தொட்டன. அந்த மார்ச் மாதம் நியூயார்க் ஹில்டன் ஓட்டலில் இயற்பியலாளர்கள் விடிய விடியக் கூட்டம் நடத்தினார்கள்.

93 என்ற எண்ணின் மகத்துவம் 77-ல் இருக்கிறது. நைட்ரஜன் 77 கெல்வினில் திரவமாக இருக்கும். திரவ ஹீலியத்துக்கு ஆய்வகம் வேண்டும். திரவ நைட்ரஜன் நம் ஊர்க் கால்நடை மருந்தகத்திலேயே உண்டு. சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளை வைத்திருக்கும் அலுமினியக் கலனைத் திறந்தால் புகைபோல் எழுவது அதன் குளிர்தான். ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற இங்கே ஆகும் செலவு பத்து முதல் இருபது வாட்.

இந்தப் பீங்கான்கள் ஏன் மீக்கடத்துகின்றன என்பதில் இன்றுவரை முழு உடன்பாடு இல்லை. அயனிகளின் அசைவால் ஜோடி சேரும் பழைய விளக்கம் இங்கே செல்லவில்லை. பிலிப் ஆண்டர்சன் 1987-ல் முன்வைத்த வேறொரு கருத்தைக் கணித வடிவில் வளர்த்ததில், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கணபதி பாஸ்கரனுக்கு முக்கியப் பங்கு உண்டு. பாஸ்கரன், ஸோ, ஆண்டர்சன் மூவரும் எழுதிய கட்டுரை அந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது.

பொறியாளர்களுக்கு வந்த தலைவலி வேறு. பானை ஓட்டிலிருந்து கம்பி இழுக்கச் சொன்னால் எப்படி? இட்ரியம் பீங்கானின் கதை அதுதான். வளைத்தால் உடையும். உடையாவிட்டாலும், அருகருகே உள்ள இரு படிகத்துகள்களின் திசை சில டிகிரிக்கு மேல் பிசகினால், அந்த எல்லையில் மின்னோட்டம் தேங்கிவிடும். கிலோமீட்டர் நீளத்துக்கு எல்லாத் துகள்களும் ஒரே திசை பார்க்க வேண்டும். இதற்குக் கண்டுபிடித்த வழி நாடா. தலைமுடியைவிட மெல்லிய உலோகத் தகட்டின் மேல், படிகங்கள் வரிசையாக அமையும்படி சில ஆக்சைடு அடுக்குகள். அவற்றின் மேல் ஓரிரு மைக்ரான் தடிமனில் மீக்கடத்தி. அதற்கு வெள்ளிப் பூச்சு, செம்பு உறை. வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் முள் அகலமுள்ள இந்த நாடாவில் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். ஓடுவது அந்த ஓரிரு மைக்ரானில்; மற்றதெல்லாம் அதைத் தாங்க வந்தவை. கண்டுபிடிப்புக்கு ஓர் ஆண்டு ஆனது. நல்ல நாடாவுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல்.

அதனால்தான் அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று ஊடகங்கள் அலறும்போது எனக்குப் பரபரப்பு வருவதில்லை. 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்.கே.-99 என்ற பொருளின் அறிவிப்பு வந்து சில வாரம் உலகத்தையே ஆட்டியது. அதில் கலந்திருந்த செப்பு சல்ஃபைடுதான் ஆட்டம் காட்டியது என்று தெரிந்தது. லாந்தனம் ஹைட்ரைடு 250 கெல்வினில் மீக்கடத்துவது உண்மை. ஆனால் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 17 லட்சம் மடங்கு அழுத்தத்தில், இரண்டு வைரமுனைகளுக்கு நடுவே. அப்படியே நாளை ஒரு பொருள் கிடைத்தாலும், அதைக் கம்பியாக்க முடியுமா, காந்தப்புலத்தில் தாங்குமா என்று மற்ற இரண்டு முட்டுக்கட்டைகளும் காத்திருக்கும்.

இப்போது மறுபடி தெருவுக்கு. நியூயார்க்கின் லாங் ஐலேண்டில் 2008-ல் 600 மீட்டர் கேபிள், 1,38,000 வோல்ட். சியோல் அருகே 2019-ல் ஒரு கிலோமீட்டர். ஷாங்காயில் 2021-ல் 1.2 கிலோமீட்டர். எல்லாமே நடந்துபோகும் தூரம். ம்யூனிக் நகரம் 12 கிலோமீட்டருக்குத் திட்டமிட்டிருக்கிறது. கேபிளின் அமைப்பைக் காப்பி ஃபிளாஸ்க்கை நீட்டியதுபோல் என்று சொல்லலாம்: இரட்டைச் சுவர்க் குழாய், நடுவே வெற்றிடம், உள்ளே நைட்ரஜனில் நனைந்தபடி நாடாக்கள். மின்தடை பூஜ்யம் என்பது நேர்திசை மின்னோட்டத்துக்கு மட்டும் முழு உண்மை. மாறுதிசை மின்னோட்டத்தில் நொடிக்கு ஐம்பது முறை காந்தப்புலம் முன்னும் பின்னும் புரளும். பிடித்துவைத்த இழைகள் பிய்த்துக்கொண்டு உள்ளே வெளியே போய்வரும். கொஞ்சம் சூடு வரத்தான் செய்யும். குளிர்பதனப் பொறி ஓயாமல் அதை வெளியேற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

எஸ்ஸன் கேபிளோடு தொடராக இன்னொரு சாதனமும் வைத்திருந்தார்கள். எனக்கு அதுதான் இந்தத் துறையிலேயே அழகான யோசனையாகத் தோன்றுகிறது. மின்வலையில் எங்காவது ஷார்ட் சர்க்யூட் ஆனால், வழக்கத்தைவிடப் பத்து மடங்கு, இருபது மடங்கு மின்னோட்டம் பாய்ந்து சாதனங்களைப் பிய்த்தெறியும். பாதையில் ஒரு மீக்கடத்தித் துண்டை வைத்தால், சாதாரண நாளில் அது இருப்பதே தெரியாது. மின்னோட்டம் வரம்பைத் தாண்டிய நொடியில் மூன்றாவது முட்டுக்கட்டை தானாக விழும். ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் துண்டு மின்தடையாகி வெள்ளத்தை மட்டுப்படுத்தும். சென்சார் கிடையாது, யாரும் சுவிட்ச் தட்டத் தேவையில்லை. ஃபியூஸ் போலத்தான். ஆனால் எரிந்துபோகாத ஃபியூஸ். குளிர்ந்ததும் பழையபடி வேலைக்கு வந்துவிடும்.

மூடிய சுருளில் மின்னோட்டம் சுற்றிக்கொண்டே இருக்குமென்றால் அதையே மின்சாரக் கிடங்காக்கலாமே என்று கேட்கலாம். செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டக்கோமாவில் 1983-ல் நிறுவிய சுருள் 30 மெகாஜூல் தாங்கியது. கேட்கப் பெரிதாக இருக்கும். கணக்குப் போட்டால் 8 யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று தமிழ்நாடு அரசு 2016-ல் அறிவித்த 100 யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சேமிப்புக்கு இது ஆகாது. ஆனால் அந்த எட்டு யூனிட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கொடுக்கவும் வாங்கவும் முடியும் என்பதால், நெடுந்தூர மின்பாதையில் எழும் ஊசலாட்டத்தை அடக்கப் பயன்பட்டது.

தேர் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2008 செப்டம்பர் 19 சாட்சி. ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரிய ஹாட்ரான் மோதுகருவி தொடங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு காந்தங்களுக்கு நடுவே மீக்கடத்திக் கம்பிகளைப் பற்றவைத்த ஓர் இணைப்பு சரியில்லை. அதன் தடை சுமார் 220 நானோ ஓம். ஒரு ஓமை நாற்பத்தைந்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு. அதன் வழியே 8,700 ஆம்பியர் பாய்ந்தது. பெருக்கிப் பார்த்தால் சுமார் 17 வாட் வெப்பம், கூடத்தில் எரியும் எல்.ஈ.டி. டியூப்லைட் அளவு. அந்தச் சூட்டில் இணைப்பு மீக்கடத்தும் குணத்தை இழந்தது; தடை ஏறியது; சூடு பெருகியது; மின்பொறி பறந்து ஹீலியக் கலனில் ஓட்டை விழுந்தது. ஆறு டன் ஹீலியம் வெளியேறியது. 53 காந்தங்களைச் சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. கருவி மறுபடி ஓட ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆற்றல் துறையில் மீக்கடத்திகளின் அடுத்த பெரிய வாடிக்கையாளர் அணுக்கரு இணைவு. பல கோடி டிகிரி சூடான பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் காந்தப்புலத்தால் அந்தரத்தில் பிடித்துவைக்க வேண்டும். பிரான்சின் கடராஷில் எழும் ஐடெர் உலையின் காந்தங்கள் நயோபியம் வகையைச் சேர்ந்தவை, ஹீலியத்தில் குளிர்பவை. அவற்றைச் சூழ்ந்திருக்கும் 30 மீட்டர் உயர எஃகுக் கலன், அந்தப் பிரம்மாண்டமான ஃபிளாஸ்க், குஜராத்தின் ஹசிராவில் எல் அண்ட் டி நிறுவனத்தில் துண்டுதுண்டாகச் செய்யப்பட்டுக் கப்பலில் போனது.

இதே உலையைச் சிறிதாகச் செய்ய முடியாதா? பிளாஸ்மாவின் ஒரு கன மீட்டரிலிருந்து கிடைக்கும் இணைவுத் திறன் காந்தப்புலத்தின் நான்காம் அடுக்காக ஏறும். புலத்தை இரட்டித்தால் பதினாறு மடங்கு. 2021 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் காமன்வெல்த் ஃப்யூஷன் நிறுவனமும் பீங்கான் நாடாவில் சுற்றிய ஒரு காந்தத்தை 20 கெல்வினில் வைத்து 20 டெஸ்லாவைத் தொட்டன. ஐடெர் பிளாஸ்மா வளையத்தின் ஆரம் 6.2 மீட்டர். அந்த நிறுவனம் கட்டும் ஸ்பார்க் உலையில் 1.85 மீட்டர். மறுபடியும் இடம்தான்.

அந்த ஒரே காந்தத்துக்கு ஆன நாடா சுமார் 270 கிலோமீட்டர். முழு உலைக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேண்டும். இதற்கு முன் உலகத்தில் யாரும் இவ்வளவு நாடா ஒருசேரக் கேட்டதில்லை. ஒரு கிலோமீட்டர் கேபிள்களை மட்டும் நம்பியிருந்த நாடாத் தொழிற்சாலைகள் இப்போது இணைவு உலைகளுக்காகத் தங்கள் உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டிருக்கின்றன. உலைகளில் மின்சாரம் வருகிறதோ இல்லையோ, நாடாவின் விலை இறங்கும். இறங்கினால், நெருக்கடியான நகரத் தெருக்களுக்கு அடியில் முதலில் வந்து சேரப்போவது அந்த விலைதான்.